மாதத் தொகையைப் பேசும் முன் மணிக்கணக்கு: குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு எவ்வளவு கொடுப்பது?

“எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க அக்கா?” என்று கேட்டேன். “நீங்களே பார்த்துக் குடுங்கம்மா” என்றார். அதோடு பேச்சு நின்றுவிட்டது. என் மடியில் ஏழு மாதக் குழந்தை. பத்து நாளில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். தெரிந்தவர்கள் இரண்டு பேரிடம் விசாரித்து, அவர்கள் சொன்னதற்கு நடுவில் ஒரு தொகையைப் பிடித்து வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று எனக்கு நிம்மதி.

எதுவுமே முடியவில்லை என்று ஆறு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. சாயங்காலம் எத்தனை மணி வரை இருப்பார், சனிக்கிழமை வருவாரா, நாங்கள் ஒரு வாரம் ஊரில் இல்லையென்றால் சம்பளம் உண்டா, குழந்தையின் துணி மட்டும் துவைப்பாரா, வீட்டார் எல்லோருடையதுமா? இதில் ஒன்றைக்கூட நாங்கள் பேசியிருக்கவில்லை. பேசியது ஒரு தொகை மட்டும். அந்தத் தொகை எத்தனை மணி நேரத்துக்கு, எந்தெந்த வேலைக்கு என்று இருவருக்கும் தெரியாது. எனக்கு ஒரு கணக்கு, அவருக்கு ஒரு கணக்கு.

முதல் முறையாக ஆள் வைப்பவர்கள் பெரும்பாலும் “மாதம் எவ்வளவு?” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான். அது தலைகீழ் வழி. முதலில் மணிகளை எண்ண வேண்டும், அப்புறம் மணிக்கு எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டும். மாதத் தொகை இந்த இரண்டையும் பெருக்கினால் தானாக வந்துவிடும்.

மணிகளை எண்ணுவது

எளிதாக இருக்கட்டும் என்று மணிக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். பெற்றோர் இருவருக்கும் காலை 9 முதல் மாலை 6 வரை வேலை, வாரம் ஐந்து நாள். பலர் மனதில் போடும் கணக்கு இது: நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 45, மாதத்துக்கு நான்கு வாரம், ஆக 180 மணி. 18,000 கொடுத்தால் சரி.

இந்தக் கணக்கில் மூன்று இடத்தில் ஓட்டை இருக்கிறது.

ஒன்பது மணிக்கு இருக்கையில் உட்கார வேண்டுமென்றால் எட்டரைக்கு முன்பே வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். கிளம்பும்போது குழந்தையை அவர் கையில் கொடுத்து, ராத்திரி எப்படித் தூங்கியது, மருந்து எப்போது, காலையில் என்ன சாப்பிட்டது என்று சொல்லவும் கொஞ்ச நேரம் வேண்டும். மாலையில் ஆறு மணிக்கு வேலை முடிந்தாலும் வீட்டுக்குள் நுழைய ஏழாகிவிடும். ஆக அவர் வேலை 8 முதல் 7 வரை. நாளுக்கு 11 மணி, வாரத்துக்கு 55. உங்கள் வேலை நேரத்தோடு பயண நேரத்தையும் கூட்டினால்தான் அவருடைய வேலை நேரம் வரும்.

அடுத்தது, மாதம் என்றால் நான்கு வாரம் இல்லை. வருடத்துக்கு 52 வாரம். 12-ஆல் வகுத்தால் 4.33. அந்த 0.33-ஐ விட்டுவிட்டால் வருடத்தில் நான்கு வாரம் காணாமல் போகும். வாரத்துக்கு 55 மணி வேலை பார்ப்பவருக்கு அது 220 மணி. சம்பளமே இல்லாமல் கிட்டத்தட்ட ஒரு முழு மாத வேலை. சரியாகப் போட்டால் 55-ஐ 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். மாதத்துக்குச் சுமார் 238 மணி, அதாவது 23,833.

மூன்றாவது, கூடுதல் நேரம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-இல் போட்ட முதல் உடன்படிக்கையே வேலை நேரத்தைப் பற்றியதுதான். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, அதைத் தாண்டினால் வழக்கமான கூலியில் குறைந்தது ஒன்றேகால் மடங்கு என்று அது தொழிற்சாலைகளுக்குச் சொன்னது. இன்று பல நாடுகளில் ஒன்றரை மடங்கு உண்டு, சில இடங்களில் இரண்டு மடங்கும் உண்டு. எந்த மணியிலிருந்து கூடுதல் நேரம் தொடங்கும் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். 48-க்கு மேல் ஒன்றரை மடங்கு என்று எடுத்துக்கொண்டால், நம் உதாரணத்தில் 48 மணி சாதாரண நேரம், 7 மணி கூடுதல் நேரம். வாரத்துக்கு 5,850 வரும். மாதத்துக்கு 25,350.

18,000-த்தில் ஆரம்பித்து 25,350-இல் வந்து நிற்கிறோம். மணிக்கு 100 என்ற விகிதத்தை எங்கேயும் தொடவில்லை. தாராளமாக ஒரு காசுகூடக் கூட்டவில்லை. நேரத்தை ஒழுங்காக எண்ணினோம், அவ்வளவுதான்.

தொழிற்சாலைக்கு 1919-இல் கிடைத்த பாதுகாப்பு, வீட்டு வேலை செய்பவர்களுக்கென்றே தனி உடன்படிக்கையாக வர 2011 ஆனது. அந்த வருடம் ஜூன் 16-ஆம் தேதி ஜெனீவாவில் அதே அமைப்பு 189-ஆம் எண் உடன்படிக்கையை ஏற்றது. நடைமுறைக்கு வந்தது 2013 செப்டம்பரில். வேலை நேரம், கூடுதல் நேரக் கூலி, வார ஓய்வு, ஊதியத்தோடு விடுப்பு இவற்றிலெல்லாம் வீட்டுத் தொழிலாளரை மற்றத் தொழிலாளரைப் போலவே நடத்த வேண்டும், வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. ஆனாலும் நியாயம் என்றால் என்ன என்று தேடும் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு அதைவிட நல்ல அளவுகோலை நான் பார்க்கவில்லை.

“குழந்தை தூங்கும்போது சும்மாதானே இருக்கிறார்?”

இந்தக் கேள்வியை நானே கேட்டிருக்கிறேன், மனதுக்குள். மதியம் இரண்டு மணி நேரம் குழந்தை தூங்கும். அந்த நேரத்தில் அவர் போனைப் பார்ப்பார், கொஞ்சம் கண் அசருவார். அதற்கும் சம்பளமா?

இதற்கு ஒரே ஒரு சோதனை போதும். அந்த இரண்டு மணி நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு அவர் வெளியே போய்வர முடியுமா? முடியாது என்றால் அது வேலை நேரம். குழந்தை எப்போது விழிக்கும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் அங்கே ஒருவர் இருக்கிறார். தன் விருப்பப்படி செலவிட முடியாமல், கூப்பிட்டால் வர வேண்டும் என்று காத்திருக்கும் நேரத்தை வேலை நேரமாகக் கருத வேண்டும் என்று அந்த 189-ஆம் உடன்படிக்கையும் சொல்கிறது. எந்த அளவுக்கு என்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு விட்டிருக்கிறது.

காத்திருக்கும் நேரத்தைவிட மோசமானது, நம் கண்ணுக்கே தெரியாமல் நீளும் நேரம். எங்கள் வீட்டில் ஆறரை மணிக்கு அவர் கிளம்புவார் என்பது எனக்கும் கணவருக்கும் மனதில் இருந்த நேரம். ஒரு நாள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தது எனக்கு உறுத்தியது. மறுநாளிலிருந்து பத்து வேலை நாள், அவர் கிளம்பும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்தேன். 6:50, 7:10, 6:45, 7:30, 6:35, 7:05, 6:55, 7:40, 6:30, 7:20. ஒரே ஒரு நாள்தான் நாங்கள் நினைத்திருந்த நேரத்துக்கு வந்திருக்கிறோம். கூட்டிப் பார்த்தால் பத்து நாளில் ஐந்து மணி இருபது நிமிடம். மாதக் கணக்கில் ஒரு முழு நாள் வேலையைத் தாண்டிவிடும். எந்த ஒரு நாளும் அது பெரிதாகத் தெரியவில்லை. “இன்னிக்குக் கொஞ்சம் லேட் ஆயிடுச்சுக்கா, சாரி” என்று தினமும் சொன்னோம். சாரிக்கு மதிப்பு உண்டு, அதைக் கொண்டு பேருந்துச் சீட்டு வாங்க முடியாது.

அதற்கப்புறம் நாங்கள் செய்த மாற்றம் சாதாரணமானது. வேலை ஏழு மணி வரை என்று மாற்றி, அதற்கான சம்பளத்தை நிலையாகக் கூட்டினோம். ஏழைத் தாண்டினால் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் தனிக் கணக்கு, கூடுதல் நேர விகிதத்தில். ஆறரைக்கே வந்துவிட்டால் அவர் கிளம்பலாம், சம்பளம் குறையாது. இதில் ஒரு பக்க விளைவு: காசு போகும் என்றதும் நாங்கள் இருவரும் நேரத்தோடு வீட்டுக்கு வர ஆரம்பித்தோம்.

மணிக்கு எவ்வளவு?

இதற்கு ஒரே விடை கிடையாது. ஆனால் மூன்று பக்கத்திலிருந்து பார்த்தால் விடை எங்கே இருக்கும் என்று பிடிபடும்.

முதலாவது சட்டம். உங்கள் ஊரில் வீட்டுத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச ஊதியம் உண்டா, எவ்வளவு என்று தொழிலாளர் துறையில் பாருங்கள். அது தரை, அதற்குக் கீழே போகக் கூடாது என்ற கோடு. அதையே நியாயமான சம்பளம் என்று எடுத்துக்கொள்வதுதான் பலர் செய்யும் தவறு. வீட்டுத் தொழிலாளரைப் பட்டியலில் சேர்க்காத ஊர்களும் உண்டு. அங்கே அனுபவம் தேவைப்படும் மற்ற வேலைகளுக்கான குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டிப் பார்க்கலாம்.

இரண்டாவது நடப்பு விலை. இங்கே யாரிடம் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். சம்பளம் கொடுப்பவர்களிடம் மட்டும் கேட்டால், குறைந்த தொகைதான் காதில் விழும். குறைவாகக் கொடுப்பவர் பெருமையாகச் சொல்வார், கூடுதலாகக் கொடுப்பவர் “நீங்கள்தான் விலையை ஏற்றிவிடுகிறீர்கள்” என்று பேச்சு வருமோ என்று வாயைத் திறக்க மாட்டார். அந்த வேலையைச் செய்பவர்கள் மூன்று நான்கு பேரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது மாதத் தொகையோடு நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பக்கத்து வீட்டில் 20,000 என்றால், அது 6 மணி நேரத்துக்கா, 11 மணி நேரத்துக்கா? ஒரு குழந்தைக்கா, இரண்டுக்கா? இது தெரியாமல் ஒப்பிடவே முடியாது.

இன்னொரு தவறான ஒப்பீடு, குழந்தைகள் காப்பகத்தோடு ஒப்பிடுவது. “காப்பகத்தில் இதில் பாதிதான் கட்டணம்” என்பார்கள். அங்கே ஒருவரின் சம்பளத்தை நாலைந்து குடும்பங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. உங்கள் வீட்டில் ஒருவர் முழுக்க உங்கள் குழந்தைக்கு மட்டும்.

மூன்றாவது பக்கத்தைத்தான் நான் முதலில் கவனிக்கவே இல்லை. இந்தச் சம்பளத்தில் அவரால் வாழ முடியுமா? போக்குவரத்துச் செலவு, வாடகை, அப்புறம் அவர் இங்கே இருக்கும் 11 மணி நேரத்தில் அவருடைய பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு. உங்கள் குழந்தையைப் பார்க்க வருபவருக்கும் வீட்டில் குழந்தை இருக்கலாம். வந்து போகும் செலவே சம்பளத்தில் பெரிய பங்கைத் தின்கிறது என்றால், அவர் நான்கு மாதத்தில் பக்கத்திலேயே வேறு வேலை தேடிக்கொள்வார். தப்பே இல்லை. ஆனால் உங்கள் குழந்தை மறுபடியும் ஒரு புது முகத்துக்குப் பழக வேண்டும்.

இந்த மூன்றையும் பார்த்து நீங்களே ஒரு விகிதத்தைச் சொல்லுங்கள். “எவ்வளவு வேண்டும்?” என்று எதிராளியிடம் விடுவது மரியாதை போலத் தோன்றும். வேலை அவசரமாகத் தேவைப்படுபவர் அந்தக் கேள்விக்குக் குறைத்துத்தான் சொல்வார், இல்லையென்றால் “நீங்களே பார்த்துக் குடுங்க” என்பார். கேட்பவருக்கு அது வசதி. “மணிக்கு இவ்வளவு, வாரத்துக்கு இத்தனை மணி, அப்படி வந்ததுதான் இந்தத் தொகை, உங்களுக்குச் சரிப்படுமா, முந்தைய வீட்டில் எப்படி இருந்தது?” என்று கணக்கைக் காட்டிக் கேட்டால், அவரும் கணக்கோடு பேசுவார். ‘இந்த நேரம் ஒத்து வராது, அந்த வேலைக்குக் கூடுதல் வேண்டும்’ என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கும்.

எந்த வேலைக்கு இந்தச் சம்பளம்

கைக்குழந்தையைப் பார்ப்பதும் நான்கு வயதுப் பிள்ளையைப் பார்ப்பதும் ஒரே வேலை இல்லை. கைக்குழந்தைக்கு இரவு பகல் இல்லை, வாய் பேசாது, ஒரு நிமிடம் கண்ணெடுக்க முடியாது. இரட்டைக் குழந்தைகள் என்றால் கூடுதல் சம்பளம் நியாயம். இரண்டு மடங்கு தேவையில்லை, ஒரே ஆளின் நேரம்தான். ஆனால் உழைப்பு ஒன்றரை மடங்குக்குக் குறையாது என்பது இரட்டையரை ஒரு நாள் தனியாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தை, முதலுதவிப் பயிற்சி, வண்டி ஓட்டிப் பள்ளியில் விடுவது, பல வருட அனுபவம் எல்லாமே விகிதத்தை ஏற்றும்.

அடுத்தது, வேலை மெதுவாக வீங்கும் விஷயம். குழந்தையின் உணவு, குழந்தையின் துணி, குழந்தை விளையாடிய இடத்தைச் சுத்தம் செய்வது இதெல்லாம் குழந்தையைப் பார்ப்பதில் அடங்கும். “அப்படியே அந்த நாலு பாத்திரத்தையும் கழுவிடுங்க” என்று ஒரு நாள் ஆரம்பிக்கும். ஒரு மாதத்தில் அது வழக்கமாகிவிடும். அப்புறம் துணி மடிப்பது, ராத்திரிச் சமையலுக்குக் காய் நறுக்குவது. எதுவும் தப்பில்லை, அவருக்குச் சம்மதம் என்றால், அதற்குத் தனிச் சம்பளம் என்றால். ஆனால் பாத்திரம் கழுவும் அந்த அரை மணி நேரத்தில் குழந்தையை யார் பார்க்கிறார்கள் என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.

“வீட்டில் ஒருத்தர் மாதிரி”

இதைச் சொல்லாத வீடே இல்லை. பாசம் பொய்யில்லை. எங்கள் மகள் அவரைப் பார்த்துக் கை நீட்டியபோது எனக்கு வந்த பொறாமையும் பொய்யில்லை. ஆனால் இந்த வாக்கியம் எப்போது வருகிறது என்று கவனித்தால், பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டிய இடத்தில்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாலு மணி நேரம் வர முடியுமா, நம்ம வீடு மாதிரிதானே? வீட்டு மனிதருக்கு யாரும் லீவு போட்ட நாளுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை.

பழைய உடை, மீந்த உணவு, குழந்தையின் சிறிதாகிப்போன செருப்பு இவற்றையெல்லாம் கொடுப்பதையும் சிலர் சம்பளக் கணக்கில் மனதுக்குள் சேர்த்துக்கொள்கிறார்கள். அன்பளிப்பு அன்பளிப்பாக இருக்கட்டும். சம்பளம் பணமாக, நேரத்துக்கு, குறைந்தது மாதம் ஒரு முறை கொடுக்கப்பட வேண்டும் என்கிறது 189-ஆம் உடன்படிக்கை. பொருளாகக் கொடுப்பதைக் கூலியில் சேர்ப்பதென்றால் அது சிறு பங்காக மட்டும் இருக்க வேண்டும், தொழிலாளரின் சம்மதத்தோடு, அவருக்குப் பயன்படும் பொருளாக, நியாயமான மதிப்பில் இருக்க வேண்டும். வேலைக்காகவே தேவைப்படும் சீருடை, கருவி போன்றவற்றைக் கூலியின் பங்காகவே எண்ணக் கூடாது என்று அதோடு வந்த 201-ஆம் பரிந்துரை சொல்கிறது.

வீட்டோடு தங்கியிருப்பவர்கள் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கிறோமே என்று சம்பளத்தைக் குறைப்பார்கள். அவர் தங்குவது யாருடைய வசதிக்கு? ராத்திரி குழந்தை அழுதால் எழுந்திருக்க ஆள் வேண்டும் என்பதற்காக என்றால், அந்த அறை அவருக்குக் கிடைத்த சலுகை இல்லை, உங்கள் வேலைக்கான ஏற்பாடு. குழந்தை படுத்திருக்கும் அறையில் அவரும் படுக்கிறார் என்றால் இரவும் கணக்கில் வர வேண்டும். சிலர் இரவுக்கு ஒரு நிலையான தொகை வைத்து, எழுந்து கவனித்த நேரத்துக்கு முழு விகிதம் கொடுக்கிறார்கள். அது நல்ல முறை. வாரத்தில் ஒரு முழு நாள் அவர் வெளியே போகவும், போகாமல் அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு இருக்கவும் உரிமை வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் அவருடைய கடவுச்சீட்டு அவரிடமே இருக்க வேண்டும். “பத்திரமாக வைத்திருக்கிறோம்” என்பதெல்லாம் வேண்டாம்.

நீங்கள் இல்லாத வாரம்

பெரும்பாலான சண்டை இங்கேதான் வருகிறது. நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போகிறீர்கள், குழந்தையும் கூடவே. அவர் வேலைக்கு வர வேண்டாம். சம்பளம்?

கொடுக்க வேண்டும் என்பது என் முடிவு. அந்த வாரத்தை அவர் உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார், வேறு வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. ஊருக்குப் போவது உங்கள் தீர்மானம். அவருடைய வாடகை அந்த வாரம் நின்றுவிடுவதில்லை. ‘உறுதி செய்த மணிகள்’ என்று இதற்கு ஒரு பேச்சு வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு 55 மணி என்று பேசினால், நீங்கள் 40 மணி பயன்படுத்தினாலும் 55-க்குச் சம்பளம். இது இருந்தால்தான் அவரால் ஒரு மாதத்தைத் திட்டமிட முடியும்.

அவருக்கான விடுப்பு வேறு கணக்கு. உடம்பு சரியில்லாத நாள், சொந்தக் காரியத்துக்கான நாள், ஊதியத்தோடு வருட விடுப்பு எல்லாவற்றையும் நாள் எண்ணிக்கையோடு பேசிவிடுங்கள். உங்களோடு சுற்றுலாவுக்கு அவரையும் கூட்டிப் போனீர்கள் என்றால் அது அவருடைய விடுமுறை ஆகாது. கடற்கரையில் மணல் வீடு கட்டும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் வேலைதான். அந்த நாட்களை வருட விடுப்பில் கழிக்கக் கூடாது என்று 201-ஆம் பரிந்துரையில் தனியாகவே ஒரு வரி இருக்கிறது. எத்தனை வீடுகளில் இது நடந்திருந்தால் அதை எழுத வேண்டி வந்திருக்கும்!

கட்டுப்படியாகவில்லை என்றால்

கணக்கெல்லாம் போட்டுப் பார்த்தால் சிலருக்குத் தலை சுற்றும். தன் சம்பளத்தில் பெரும்பகுதி இதற்கே போகிறது என்று தெரியும். இதற்கு ஒரு காரணம் உண்டு. வில்லியம் பாமோல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1960-களில் இசைக்கச்சேரியை வைத்து இதை விளக்கினார். தொழிற்சாலையில் இயந்திரம் வந்ததும் ஒருவர் பத்துப் பேர் வேலையைச் செய்கிறார். நான்கு பேர் வாசிக்க வேண்டிய இசையை இன்றும் நான்கு பேர்தான், அதே நேரம் எடுத்து வாசிக்க வேண்டும். குழந்தை வளர்ப்பும் அப்படித்தான். தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைக்க எப்போதும் ஆகும் நேரம்தான் இப்போதும் ஆகிறது. மற்ற வேலைகளில் கூலி ஏறினால் இங்கேயும் ஏறியாக வேண்டும், இல்லையென்றால் யாரும் இந்த வேலைக்கு வர மாட்டார்கள். ஆனால் வேகத்தைக் கூட்டிச் செலவைக் குறைக்க வழியில்லை. இந்த நெருக்கடிக்கு நீங்கள் காரணம் இல்லை. அவரும் இல்லை.

ஆகவே ‘என்னால் முடிந்தது’ என்பதையும் ‘நியாயமானது’ என்பதையும் தனித்தனியாக வையுங்கள். முடியவில்லை என்றால் விகிதத்தைக் குறைக்காமல் மணிகளைக் குறையுங்கள். கணவன் காலையில் தாமதமாகக் கிளம்பி மனைவி மாலையில் சீக்கிரம் வந்தால் 11 மணி 8 ஆகலாம். நம் உதாரணத்தில் வாரத்துக்கு 40 மணி, கூடுதல் நேரமே இல்லை, மாதத்துக்கு 17,333. முதலில் தப்பாகப் போட்ட 18,000-க்கும் கீழே, ஆனால் நேர்மையாக.

இல்லையென்றால் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளலாம். ஒரே வீட்டில் இரண்டு குடும்பத்துக் குழந்தைகள், பார்ப்பவர் ஒருவர். அவருடைய விகிதம் 100-லிருந்து 140 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குடும்பமும் 70 கொடுக்கும். அவருக்கு நாற்பது கூடுதல், உங்களுக்கு முப்பது மிச்சம். இதில் ஒரு நிபந்தனை: ஒரு குடும்பம் ஊருக்குப் போனாலும் அதன் 70 நிற்கக் கூடாது. யார் வீட்டில், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதையும் இரண்டு குடும்பங்களும் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. நட்பாயிற்றே என்று விட்டால் நட்புதான் போகும்.

எழுதி வையுங்கள்

ஒரு பக்கம் போதும். நேரம், விகிதம், கூடுதல் நேர விகிதம், சம்பளத் தேதி, வேலைகள், விடுப்பு, முன்னறிவிப்பு. அவருக்குப் படிக்க வசதியான மொழியில், இரண்டு பிரதிகள். ஒரு நாள் வந்து பழகிப் பார்க்கச் சொன்னால் அந்த நாளுக்கும் சம்பளம் கொடுங்கள். முன்பணம் கொடுத்தால் மாதம் எவ்வளவு பிடிப்பீர்கள் என்று எழுதுங்கள். அது அவரை வேலையில் கட்டிப் போடும் கயிறாக மாறக் கூடாது. முகவர் மூலம் வந்திருந்தால் அவர்களுக்கான கட்டணத்தை அவர் சம்பளத்தில் கழிக்காதீர்கள். உங்கள் நாட்டில் வரி, சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு கட்ட வேண்டுமென்றால் அதையும் முதலிலேயே செலவில் சேர்த்துவிடுங்கள். பின்னால் கண்டுபிடித்தால் இருவருக்கும் கஷ்டம்.

சம்பள உயர்வுக்கும் ஒரு தேதி வேண்டும். விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறும் ஊரில் சம்பளம் அப்படியே இருந்தால், நீங்கள் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 6 சதவீதம் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள் என்றுதான் பொருள். அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். கேட்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அந்த முதல் நாளிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது குழந்தை பிறந்தால் வருட முடிவுவரை போக வேண்டாம், அன்றே பேச வேண்டிய விஷயம் அது.

வேலை முடியும் நாளும் வரும், பிள்ளை பள்ளிக்குப் போகும். எங்களுக்கு அது மூன்றரை வருடத்தில் வந்தது. இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டோம். கடைசி நாளில் மேஜையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம்: அந்த மாதச் சம்பளம், எடுக்காமல் விட்ட ஒன்பது நாள் விடுப்புக்கான பணம், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டு வாரச் சம்பளம், அடுத்த வீட்டில் காட்ட ஒரு கடிதம். கூடுதல் நேரத்தை அவரும் தன் போனில் குறித்து வைத்திருந்தார். என் நோட்டுக்கும் அவர் கணக்குக்கும் நாற்பத்தைந்து நிமிடம் வித்தியாசம். யாருடையது சரி என்று பார்க்க இருவருக்கும் பொறுமையில்லை. அதிகமாக இருந்த கணக்குப்படி கொடுத்து முடித்தோம்.